முள்ளு ஒன்றரையில் நிற்க வேணும்

என்னிடம் ஒரு தாள் இருக்கிறது. அப்பியாசக் கொப்பியில் இருந்து கிழித்த, கோடு போட்ட தாள். மேலே "21.2.86 வெள்ளி – 22.2.86 சனி" என்று நீல மையில் எழுதியிருக்கிறது. அதன் கீழே இரவு ஒன்பது மணி தொடங்கிக் காலை ஏழு மணி வரை, மணிக்கு ஒன்றாகப் பதினொரு வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு நேரம், ஒரு இலக்கம். ஒரே ஒரு வரியில் மட்டும் இலக்கத்துக்குப் பக்கத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. அந்த இரண்டு சொற்களுக்குக் கடைசியில் வருகிறேன்.

எழுதியவர் ஒண்டரை அண்ணை. எண்பதுகளில் டென்மார்க்குக்கு வந்த எங்கள் சனத்தில், அந்த நாட்டைக் குளிருக்காகத் திட்டியவர்களை எனக்குத் தெரியும். ரயில் நேரத்துக்கு வருகிறது என்று புகழ்ந்தவர்களையும் தெரியும். ஒரு வீட்டின் நிலவறையில் இருந்த முள்ளுக்காக அந்த நாட்டின் மேல் காதல் கொண்டவர் அவர் ஒருவர்தான். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு என் நாட்குறிப்புகளைக் காட்டத் தயார்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது 1985 ஒக்டோபர் 9, புதன்கிழமை, பின்னேரம் மூன்றரை மணி. சில்க்போர்க் நகரத்தின் விளிம்பில், நகரசபை எங்களுக்கென்று ஒதுக்கித் தந்த பழைய செங்கல் வீடு அது. இரண்டு மாடி, அடியில் ஒரு நிலவறை, ஆறு ஆண்கள். ஏழாவது ஆளாக இவர் ஒரு கைப்பையோடும் ஒரு சைக்கிள் பம்போடும் வந்து நின்றார். சாவகச்சேரிச் சந்தைக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். கொழும்பு, மொஸ்கோ, கிழக்கு பேர்லின் என்று மூன்று விமான நிலையங்களில் அந்தப் பம்பைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். மூன்று இடத்திலும் உள்ளே காற்றுத்தான் இருந்தது.

நாங்கள் அவருக்குச் சமையலறையையும் கட்டிலையும் காட்டிக்கொண்டிருந்தோம். அவர் தலையைச் சரித்து வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"கீழ என்ன மூச்சு விடுது?"

"அது பொயிலர் அண்ணை. வீட்டைச் சூடாக்கிறது."

"மூச்சு சரியில்லை" என்று சொல்லிவிட்டு, தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல் நிலவறைப் படியில் இறங்கிப் போய்விட்டார்.

வெக்கை நாட்டில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். பொயிலர் என்பது எண்ணெயில் எரியும் ஒரு பெரிய இரும்புப் பெட்டி. அது தண்ணீரைச் சூடாக்கும். அந்தத் தண்ணீர் குழாய் வழியே அறை அறையாகப் போய், சுவரில் சாய்த்து வைத்த இரும்புத் தட்டி போன்ற றேடியேட்டர்களைச் சூடாக்கி, ஆறிப்போய்ப் பொயிலருக்கே திரும்பி வரும். போன தண்ணீர்தான் வரும். வெளியே ஒரு துளியும் போகக்கூடாது. அந்தத் தண்ணீர் குழாய்க்குள் எவ்வளவு இறுக்கமாக நிற்கிறது என்பதைக் காட்ட, பொயிலரின் நெற்றியில் மணிக்கூடு போல ஒரு வட்டமும் அதில் ஒரு முள்ளும் இருக்கும்.

அன்றைக்கு அந்த வட்டத்தின் முன்னால் பொவுல் நின்றுகொண்டிருந்தார். எங்கள் வீட்டைப் பராமரிக்க நகரசபை வைத்திருந்த ஆள். ஆறடிக்கு மேல் உயரம், ஒரு நாளைக்கு ஆறு சொல் பேச்சு. குழாயைத் திறந்து தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தவர், பின்னால் ஆள் நிற்பதைப் பார்த்து, முள்ளு நிற்க வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டி ஒரு சொல் சொன்னார்.

"ஹல்லானன்."

டேனிஷ் மொழியில் ஒன்றரை. ஒன்றும் அரையும் என்று இழுக்காமல் அதற்கென்றே அவர்களிடம் ஒரு தனிச்சொல் இருக்கிறது. அண்ணை மேலே ஏறி வந்தபோது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"தம்பி, ஒண்டரைக்கு இவங்களிட்டயும் ஒரு சொல்லு இருக்கு. இங்கிலிசுக்காரனிட்ட இல்லை. இது நல்ல சனம்."

அவர் கற்ற முதல் டேனிஷ் சொல் அதுதான். அடுத்த மூன்று மாதத்துக்கு ஏறக்குறைய ஒரே டேனிஷ் சொல்லும் அதுதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நிலவறையில் இருந்து "ஒண்டரை" என்று ஒரு குரல் வந்தது. அடுத்த நாளும் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. அந்த நேரத்தில் நான் தேநீரோடு நாட்குறிப்பு எழுத உட்காருவேன் என்பதால், கேட்டதை எழுதி வைப்பது பழக்கமாகிவிட்டது. ஒன்றரை. ஒன்று தசம் நான்கு. ஒன்றரை. ஒரு கிழமைக்குள் அவருடைய பாஸ்போர்ட்டில் இருந்த பெயர் எல்லோருக்கும் மறந்துபோய், ஒண்டரை அண்ணை நிலைத்துவிட்டார்.

பொவுலுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு நாள் வந்து பார்த்தபோது அண்ணை பொயிலரின் பக்கவாட்டில் காதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அன்றே பொயிலரில் ஒரு மட்டை ஒட்டப்பட்டது: "தொடக்கூடாது." அண்ணை அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். அன்றிலிருந்து இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்குக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒரு அங்குலம் விட்டு நின்று பார்ப்பார். கோயிலில் கூட அவர் இவ்வளவு அடக்கமாக நின்றிருப்பாரா என்பது சந்தேகம்.

மொழி வகுப்பில் ஆசிரியை ஒவ்வொருவராக "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பார். எல்லோரும் "நன்றி, நலம்" என்று சொல்ல, அண்ணை மட்டும் "ஹல்லானன்" என்பார். ஆசிரியை இரண்டு வகுப்பு திருத்திப் பார்த்தார். மூன்றாம் வகுப்பில் கைவிட்டார். நவம்பர் கடைசியில் ஒரு நாள் அண்ணை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு "ஒன்று" என்று பதில் சொன்னபோது, அந்த அம்மா இடைவேளையில் என்னிடம் வந்து, அவருடைய வீட்டில் ஏதும் துக்கமா என்று விசாரித்தார்.

நூலகத்துச் சம்பவத்தையும் சொல்ல வேண்டும். அண்ணைக்கு ஒரு சைக்கிளைக் கடந்து போகும்போது அதன் ரயரைப் பெருவிரலால் அமத்திப் பார்க்காமல் போக முடியாது. சில்க்போர்க் நூலகத்தின் முன்னால் எப்போதும் ஐம்பது சைக்கிளாவது நிற்கும். ஆகவே ஐந்து நிமிட வழிக்கு நாங்கள் முக்கால் மணித்தியாலம் ஒதுக்குவோம். ஒரு நாள் ஒரு சிவப்புச் சைக்கிளின் பின்சில்லு மெத்தென்று இருந்திருக்கிறது. அவர் பம்பை எடுத்துக் குந்தியிருந்து அடித்துக்கொண்டிருக்கும்போது சைக்கிள்காரி வந்துவிட்டார். தன் சில்லில் காற்றைத் திறந்துவிடுகிறான் என்று நினைத்த அந்தப் பெண் உரத்த குரலில் ஏதோ கேட்டார். நான் ஓடிப்போய் விளக்கம் சொல்வதற்குள் அண்ணை எழும்பி, சீற்றைக் கையால் துடைத்து, தமிழிலேயே சொன்னார்:

"ஏறி ஒருக்கா ஓடிப் பாரும் பிள்ளை. பேந்து ஏசும்."

சைகை விளங்கியிருக்க வேண்டும். அவர் ஏறி ஒரு வட்டம் ஓடினார். திரும்பி வந்தார். அண்ணையை மேலும் கீழும் பார்த்தார். தலையை ஒரு முறை ஆட்டிவிட்டுப் போனார். டென்மார்க்கில் எங்கள் பகுதியான யூலாந்தில் அது பொன்னாடை போர்த்தியதற்குச் சமம்.

இனி முறை என்னும் விவகாரத்துக்கு வர வேண்டும்.

எங்களோடு மாஸ்ரர் என்று ஒருவர் இருந்தார். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். கோப்பாயில் தோட்டக் குடும்பம். அங்கே ஒரு கிணற்றுக்கு ஐந்தாறு பங்குக்காரர் இருப்பார்கள். இன்னாருக்கு இன்ன நாள், இன்ன நேரம் இறைப்பு என்று முறை இருக்கும். முறை மாறி வாய்க்காலைத் திருப்பினால் மண்வெட்டி தூக்கும் அளவுக்குச் சண்டை வரும். நவம்பரில் குளிர் இறுகி, வீட்டின் பதினொரு றேடியேட்டர்களும் பேருக்குத்தான் சூடாக இருக்கின்றன என்று முறைப்பாடு வந்தபோது, மாஸ்ரர் சொன்னார்:

"உதுக்கு முறை போட்டாச் சரி."

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அட்டவணை ஏறியது. விடிய ஐந்து முதல் எட்டு வரை கீழ்மாடி. பின்னேரம் நாலு முதல் ஏழு வரை சமையலறையும் இருக்கும் அறையும். அதற்குப் பிறகு மேல்மாடி, கிழக்குப் பக்கம் இரண்டு மணித்தியாலம், மேற்குப் பக்கம் இரண்டு மணித்தியாலம். முறைகாரர் தவிர மற்றவர்கள் தங்கள் றேடியேட்டரைப் பூட்டிவிட வேண்டும். சூடு வேண்டிய இடத்துக்குப் பாயும் என்பது மாஸ்ரரின் கொள்கை.

"என்ர முறையில ஆர் குசினி றேடியேட்டரைத் திறந்தது?"

"பாண் துண்டை அதுக்கு மேல வைச்சுச் சூடாக்கினனான் மாஸ்ரர்."

"பாணுக்கு முறை இல்லை."

ஒண்டரை அண்ணை மட்டும் எதிர்த்தார். "மாஸ்ரர், கிணத்துத் தண்ணி பாத்திக்குப் போனாத் திரும்பி வராது. இது போய்த் திரும்பி வருகுது. போட்டு வாறவனுக்கு என்ன முறை?"

"அண்ணை, நீங்கள் படிச்சது சைக்கிள். இது நீர்ப்பாசனம்."

அண்ணை நிலவறைக்கு இறங்கிவிட்டார். ஆனால் முறை ஓடிய அந்த மூன்று மாதமும் முள்ளு பெரிய குழப்படி செய்யவில்லை என்பது உண்மை. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். பொவுல் மாதம் ஒரு முறை தண்ணீர் விட்டுச் சரிக்கட்டுவார். மாஸ்ரர் அதைத் தன் வெற்றியாகவே எடுத்துக்கொண்டார்.

1986 ஜனவரி 30ஆம் திகதி அன்ரனுக்குக் கடிதம் வந்தது. அன்ரன் மன்னார்ப் பொடியன், எங்கள் வீட்டில் ஆகக் குறையப் பேசுகிறவன். அவன் வெளிக்கிட்டு வரும்போது மனைவி றீற்றா ஐந்து மாதம். மகள் பிறந்து எட்டு மாதமாகிறது. முத்திரை அளவில் ஒரு படம் மட்டும் அவன் சட்டைப் பையில் இருந்தது. பெப்ரவரி 21, வெள்ளிக்கிழமை இருவரும் வந்து இறங்குகிறார்கள் என்று கடிதம் சொன்னது. வேறு வீடு கிடைக்கும் வரை எங்கள் வீட்டிலேயே, கீழ்மாடியில், பொயிலருக்கு நேர் மேலே இருந்த அறை.

வெளியே ஏரி உறைந்து கிடந்தது. பக்கத்து வீட்டுச் சுவரில் இருந்த வெப்பமானி அந்த மாதம் பூச்சியத்துக்கு மேலே ஏறியதாக என் குறிப்பில் இல்லை. பெப்ரவரி 16, ஞாயிறு மாலை, மாஸ்ரர் எழுந்து போய்த் தன் கையாலேயே அட்டவணையைக் கிழித்தார்.

"பிள்ளைக்கு என்னெண்டு முறை எழுதுறது? எல்லாத்தையும் திறவுங்கோ."

அந்த வீட்டில் பதினொரு றேடியேட்டரும் ஒன்றாகத் திறந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு மணித்தியாலத்தில் வீடு வெதுவெதுத்தது. எல்லோரும் மேற்சட்டையைக் கழற்றினோம். நிலவறையில் இருந்து அண்ணையின் குரல் வந்தது.

"ரெண்டு."

கொஞ்சம் பொறுத்து, "ரெண்டரை."

பிறகு, "மூண்டு." அதன் பிறகு இலக்கம் வரவில்லை, தண்ணீர் சீறும் சத்தம்தான் வந்தது. அழுத்தம் மூன்றைத் தாண்டினால் பொயிலர் வெடிக்காமல் இருக்க, அதன் பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்து தண்ணீரைத் தரையில் கக்கும். கக்கியது. திங்கள் காலையில் வீடு கல்லறை போல இருந்தது. நாட்குறிப்பில் ஒரே சொல்: "பூச்சியம்." பூச்சியத்தில் பொயிலர் எரியாது.

பொவுல் வந்து தண்ணீர் ஏற்றி ஒன்றரையில் விட்டார். சூடாகியது; மூன்றுக்குப் போய்க் கக்கியது; ஆறியதும் பூச்சியம். செவ்வாய்க்கிழமை அதே கதை. குழாய் வேலைக்காரரை அழைத்தால், குளிரில் ஊரெல்லாம் குழாய் வெடித்துக் கிடப்பதால் 24ஆம் திகதி திங்கட்கிழமைக்கு முன் வர முடியாது என்றார்களாம். மாஸ்ரர் மெதுவாக, திரும்ப முறை போட்டால் என்ன என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். பொவுல் அன்றைய ஆறு சொற்களையும் ஒரே தரத்தில் செலவழித்தார்: இந்தக் குளிரில் பூட்டிய றேடியேட்டர் உறைந்து வெடிக்கும்.

அன்ரன் தன்னுடைய போர்வையைப் பிள்ளைக்கென்று வைத்திருந்த கட்டிலில் விரித்தான். கொஞ்ச நேரத்தால் மற்ற ஐந்து பேருடைய போர்வையும் அதே கட்டிலில் கிடந்தது. ஒண்டரை அண்ணை மட்டும் போர்வை கொடுக்கவில்லை.

"போர்வையால உது சரிவராது" என்றார். "எங்கையோ ஓட்டை. ஓட்டை எண்டா என்ர வேலை."

புதன்கிழமை அவர் வேலையைத் தொடங்கினார். சைக்கிள் ரியூப்பில் ஓட்டை தேடுவதற்குத் தண்ணீர்ச் சட்டியில் அமத்திக் குமிழி பார்ப்பார்கள். வீட்டைச் சட்டியில் அமத்த முடியாது. அவர் ஊரில் இருந்து கொண்டுவந்த திருநீற்றுப் பையை அவிழ்த்தார். ஈரம் பட்டால் திருநீறு கறுக்கும். ஒரு துளி கசிந்தாலும் காட்டிக்கொடுக்கும். மேல்மாடி தொடங்கிக் கீழ்மாடி வரை ஒவ்வொரு பொருத்திலும் மூன்று விரலால் பூசிக்கொண்டு வந்தார். அன்ரனின் அறையில் மட்டும் ஒரு தடங்கல்.

"அண்ணை, இது வேதக்காரற்ற றேடியேட்டர்."

"கசிவுக்குச் சமயம் இல்லைத் தம்பி. தள்ளும்."

பின்னேரம் பொவுல் வந்து பார்த்தபோது பதினொரு றேடியேட்டரும் நெற்றி நிறையப் பூசிக்கொண்டு நின்றன. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிரார்த்தனையா என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். ஈரம் பார்ப்பதற்கு என்று சொன்னேன். குனிந்து ஒரு பொருத்தை உற்றுப் பார்த்து, "ம்" என்றார். எங்களைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

வியாழன் காலையில், ஒரு றேடியேட்டரிலும் திருநீறு கறுக்கவில்லை. அன்ரன் முதல் ரயிலில் கொப்பன்ஹேகனுக்குப் போய்விட்டான். அண்ணை என் அறைக்கு வந்து கட்டிலில் குந்தினார்.

"தம்பி, உம்மட கொப்பியை எடும். முறை ஓடேக்க முள்ளு ஆகக் கூட எவ்வளவு?"

மூன்று மாதத்தைப் புரட்டினேன். "ரெண்டு. அதுக்கு மேல ஒரு நாளும் இல்லை."

"எல்லாம் திறந்தாப் பிறகு?"

"ஒவ்வொரு நாளும் மூண்டு."

"ஓட்டை இல்லை. கொஞ்சத் தண்ணி சூடானாக் கொஞ்சம் பெருக்குது. முழுத் தண்ணியும் சூடானாக் கனக்கப் பெருக்குது. பெருகின தண்ணி போய் இருக்க ஒரு இடம் வேணும். அந்த இடம் எங்க?"

நிலவறைக்கு இறங்கினோம். பொயிலரின் பின்னால், குழாயில் ஒரு சிவப்புத் தகரப் பானை தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் அதை எண்ணெய்ப் பானை என்றே நினைத்திருந்தோம். அண்ணை கையை முதுகில் இருந்து எடுத்தார். பொயிலரைத்தானே தொடக்கூடாது, பானையைப் பற்றி மட்டையில் ஒன்றும் இல்லை. விரல் மொளியால் மேலே தட்டினார், நடுவில் தட்டினார், அடியில் தட்டினார். எல்லா இடத்திலும் ஒரே மந்தச் சத்தம்.

"வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டு நிக்குது. அரைவாசி காத்து இருந்திருக்க வேணும்."

பானையின் அடியில் ஒரு கறுப்பு மூடி இருந்தது. அதைத் திருகிக் கழற்றினார். உள்ளே இருந்ததைப் பார்த்ததும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். நான் பயந்துபோனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்ச பாரும். கார் ரியூப்பின்ர வால்வு. இது பொயிலர் இல்லைத் தம்பி. இது ரியூப்."

உண்மைதான். பானைக்குள் ஒரு றப்பர்த் தோல். தோலுக்கு ஒரு பக்கம் தண்ணீர், மற்றப் பக்கம் காற்று. தண்ணீர் பெருகும்போது காற்று சுருங்கி இடம் கொடுக்கும். காற்று போய்விட்டால் இடமும் போய்விடும். ஆனால் தோல் கிழிந்திருந்தால்? அப்படியானால் புதுப் பானை வேண்டும். திங்கட்கிழமை வரை பிள்ளை குளிரில்தான் கிடக்க வேண்டும். வால்வின் ஊசியை அமத்தினால் தெரிந்துவிடும். தண்ணீர் வந்தால் தோல் கிழிசல்.

அண்ணை கண்ணை மூடிக்கொண்டு பெருவிரல் நகத்தால் ஊசியை அமத்தினார். மேலே படியில் மாஸ்ரரும் மற்றவர்களும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தண்ணீர் வரவில்லை. காற்றும் வரவில்லை.

"தோல் சுகம்" என்றார் அண்ணை. "காத்துத்தான் இல்லை."

மூன்று விமான நிலையங்களைத் தாண்டி வந்த அந்தச் சைக்கிள் பம்பை மாஸ்ரர் ஓடிப்போய் எடுத்துவந்தார். அது பொருந்தவில்லை. சைக்கிள் வால்வு வேறு, கார் வால்வு வேறு. அண்ணை பம்பைத் தடவிக் கொடுத்துவிட்டு ஒரு பக்கம் வைத்தார். பிறகு கொட்டுகிற பனியில், கால்மேசு போடாமல், இரண்டு வீதி தள்ளி இருந்த பொவுலின் வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன், மொழிபெயர்க்க. தேவைப்படவில்லை. கதவு திறந்ததும் அண்ணை பொவுலின் காரைக் காட்டினார்; வலது காலால் தரையில் ஐந்தாறு முறை மிதித்துக் காட்டினார்; பிறகு இரண்டு கையிலும் இல்லாத பிள்ளை ஒன்றைத் தூக்கி ஆட்டிக் காட்டினார். கடைசியாக, மிகவும் மரியாதையாக, "ஹல்லானன்" என்றார்.

பொவுல் காரின் பின்பக்கத்தைத் திறந்து காலால் மிதிக்கும் பம்பை எடுத்தார்.

நிலவறையில் பொவுல் முதலில் செய்த காரியம், தொப்பியைக் கழற்றித் "தொடக்கூடாது" மட்டையின் மேல் மாட்டியது. பிறகு தண்ணீரை இறக்கி முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தார். அண்ணை மிதித்தார். மாறி மிதிக்க வந்த மாஸ்ரரைத் தோளால் தள்ளிவிட்டு மிதித்தார். பம்பில் இருந்த அளவுகோலில் ஒன்று என்ற இலக்கம் வந்ததும் நிறுத்தி, விரலில் எச்சில் தொட்டு வால்வில் வைத்தார். ஒரு சிறு குமிழி எழுந்து உடைந்தது.

"கள்ளன் ஊசிதான். உதால மெள்ள மெள்ளப் போயிருக்கு."

பொவுல் குனிந்து குமிழியைப் பார்த்தார். மேலே போனார். திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு சிறிய வால்வு ஊசி இருந்தது. தன் காரின் உபரிச் சில்லில் இருந்து கழற்றியது. அண்ணை அதை மாற்றிப் பூட்டி, மறுபடி மிதித்து, மறுபடி எச்சில் வைத்தார். குமிழி இல்லை. தண்ணீர் ஏற்றும் குழாயைத் திறக்கப் பொவுல் கையை நீட்டி, பாதியில் நிறுத்தி, அண்ணைக்கு வழி விட்டார்.

அண்ணை ஒன்றுக்குச் சற்று மேலே நிறுத்தினார். "சூடானா மிச்சம் தானே ஏறும்" என்றார். பொயிலர் எரிந்தது. பதினொரு றேடியேட்டரும் திறந்திருந்தன. ஏழு பேரும் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்று தசம் மூன்று. ஒன்றரை. ஒன்று தசம் ஏழு. அதற்குமேல் அசையவில்லை. அரை மணித்தியாலம் கழித்தும் அசையவில்லை.

மாஸ்ரர் தொண்டையைச் செருமினார். "அண்ணை, இது நீர்ப்பாசனம் இல்லை எண்டு நான் ஒப்புக்கொள்ளுறன்."

"பரவாயில்லை மாஸ்ரர். உங்கட முறையாலதான் இவ்வளவு நாளும் தாங்கினது."

அது உண்மையும்கூட, என் கொப்பியில் இருந்த இலக்கங்களும் அதையே சொல்லின.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அன்ரன் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். பின்னால் றீற்றா, யாரோ கொடுத்த பெரிய மேற்சட்டைக்குள். நாலு நாள் பயணம். எல்லோரும் றீற்றாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சுற்றிவரப் பார்த்தார். நெற்றியைத் துடைத்தார். யூலாந்தில் அவர் சொன்ன முதல் வசனம் இது:

"என்ன இஞ்ச சரியான வெக்கையாக் கிடக்கு. ஒரு யன்னலைத் திறவுங்கோவன்."

ஒண்டரை அண்ணை அப்படிப் பூரித்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "குறைச்சு விடுறன் பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே நிலவறைக்கு ஓடினார். சூட்டைக் குறைத்ததும் முள்ளு ஒன்று தசம் ஏழில் இருந்து ஒன்றரைக்கு இறங்கியது. பிள்ளையின் முகத்தைக்கூட அவர் அன்றைக்குச் சரியாகப் பார்க்கவில்லை. எங்கள் போர்வைகளை நாங்கள் திரும்ப எடுத்துக்கொண்டோம்.

காலையில் நான் நிலவறைக்குப் போனபோது அவர் கதிரையில் இருந்தபடி நித்திரையாகக் கிடந்தார். மடியில் இந்தத் தாள். பொயிலரில் பொவுலின் தொப்பி அப்படியே தொங்கியது; அதை அவர் திரும்ப எடுக்கவே இல்லை.

தாளில் உள்ளது இதுதான். இரவு ஒன்பது மணி, ஒன்றரை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, எல்லாம் ஒன்றரை. மூன்று மணிக்கும் ஒன்றரை. பக்கத்தில் "பிள்ளை தும்மினது". அதன் பிறகு ஏழு மணி வரை வேறு ஒரு சொல்லும் இல்லை.

அந்தத் தும்மலை உறுதிப்படுத்த நான் பல தடவை முயன்றிருக்கிறேன். றீற்றா, தான் அன்றைக்கு அடித்துப்போட்டது போல் நித்திரை கொண்டதாகச் சொல்கிறார். அன்ரன் விழித்திருந்தானாம், மகளைப் பார்த்தபடியே. ஆனால் தும்மல் எதுவும் நினைவில்லையாம். அந்த மகள் இப்போது விபோர்க்கில் தாதியாக இருக்கிறாள். கேட்டால் டேனிஷில் சிரிக்கிறாள். எட்டு மாதப் பிள்ளையின் தும்மல் தரையைத் தாண்டி, பொயிலர் இரைச்சலையும் தாண்டி நிலவறைக்குக் கேட்குமா என்பதே சந்தேகம். அண்ணையிடமும் ஒரு முறை கேட்டேன். "எழுதிக் கிடக்கெல்லே" என்றார். ஆகவே 1986 பெப்ரவரி 22, அதிகாலை மூன்று மணிக்குப் பிள்ளை தும்மியதா என்பது இன்று வரை உறுதி செய்யப்படாத தகவல்.

நாலு மணி வரியில் முள்ளு ஒன்று தசம் ஏழில் நிற்கிறது.